ஈசானி மூலைத் தண்ணீர்

வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். மனை அளக்கச் சங்கிலி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்து ஒர்க் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனேன். எனக்குத் தெரிந்தது நாலு வார்த்தைதான். சுவருக்கு அந்தப் பக்கம் பாருங்கள்.

மட்டம் எடுப்பதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. உங்களிடம் மெஷின் இருக்கிறது. நான் கடைசி வரை தண்ணீர் டியூபை வைத்துதான் பார்த்தேன். ஒரு முனையில் நிற்கிற தண்ணீரும் மறுமுனையில் நிற்கிற தண்ணீரும் ஒரே மட்டம். அதற்குமேல் அதில் வித்தை ஒன்றும் இல்லை.

நம் வேலை என்ன? புது வீடு கட்டுகிறவர் மனையில் கிராவல் கொட்டி உயர்த்துவார். அங்கே விழுகிற மழை எந்தப் பக்கம் ஓடும், எங்கே போய்ச் சேரும் என்று பார்த்து நாம் தாளில் எழுதுகிறோம். அந்தத் தாள் இல்லாமல் வீடு முடிந்ததற்குச் சான்று கிடையாது. சான்று இல்லாமல் கரண்ட் கிடையாது. அதனால் தாளை வாங்கும்போது எல்லோரும் நமக்கு டீ கொடுப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். குடித்தேன். தப்பு டீயில் இல்லை.

நான் ரிட்டயர் ஆவதற்கு நாலு வருஷம் முன்பு நடந்தது. முதலியார்பேட்டைக்குத் தெற்கே, வயலாக இருந்து மனையான இடம். வீட்டுக்காரர் பெயர் ஞானசேகரன். ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டர். மேற்கு பார்த்த மனை. எதிரே ரோடு, ரோட்டோரம் நல்ல வாய்க்கால். பின்பக்கம் கிழக்கு. அங்கே ஆளுயரச் சுவர். சுவருக்கு அப்பால் வேறு தெரு, பழைய வீடுகள்.

ஆடி மாதம் போய்ப் பார்த்தேன். மண் போட்டு இடித்து மட்டம் செய்திருந்தார்கள். இன்னும் சிமெண்ட் போடவில்லை. ஞானசேகரன் மனைவி மலர்விழி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். ஊற்றினோம். தண்ணீர் பாம்பு மாதிரி வளைந்து வடகிழக்கு மூலைக்குப் போனது. அங்கே சுவரின் அடியில் தண்ணீர் வெளியே போக ஒரு துளை விட்டிருந்தார்கள். தூம்பு என்போம். தண்ணீர் அதற்குள் நுழைந்து மறைந்தது.

"பாத்தீங்களா சார், ஈசானியத்துக்கு எப்பிடி ஓடுது!" என்றார் மலர்விழி. கை தட்டாத குறை.

நம் ஊரில் யாரைக் கேட்டாலும் தண்ணீர் ஈசானி மூலைக்குப் போக வேண்டும் என்பார்கள். அப்படிப் போனால் வீடு விளங்கும். போகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நான் அதில் வாய் கொடுத்ததில்லை. தண்ணீர் தேங்கவில்லை, போய்விட்டது. 'வாட்டம் (சரிவு) வடகிழக்கு. சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தூம்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. சுவர் உயரம். சுற்றிப் போனால் அரை மைல். வெயில். இதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதும் இல்லை.

ஐப்பசியில் முதல் மழை ஒரு திங்கட்கிழமை பெய்தது. புதன்கிழமை காலை ஞானசேகரன் ஆபீசுக்கு வந்தார். கையில் நான் எழுதிய தாளின் நகல்.

"சார், பின்வூட்டு அம்மா என் தூம்பை அடைச்சிருக்கு. தண்ணி பூரா வாசப்படி வரைக்கும் ஏறிடுச்சு. வெள்ளிக்கெழம கிரகப்பிரவேசம். ஆர்பர்ல மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்தியிருக்காங்க. இன்னொரு மழ வந்தா புதுவூட்டுக்குள்ள தண்ணி பூந்துடும்."

"பேசிப் பாத்தீங்களா?"

"பேப்பர் இருக்குன்னு சொன்னேன், கேக்கல. இன்னும் பேசினா சண்ட ஆயிடும். உங்க கையெழுத்து இருக்கு. நீங்க வந்து எடுக்கச் சொல்லுங்க."

நியாயம்தான். என் கையெழுத்து. போனேன்.

இந்த முறை சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன். ரோட்டிலிருந்து வீட்டுக்குள் மூன்று படி கீழே இறங்க வேண்டும். வீடு கட்டும்போது படி மேலே ஏறித்தான் இருந்திருக்கும். ரோட்டை மேலே மேலே தார் போட்டு உயர்த்தியதில் வீடு பள்ளமாகிவிட்டது. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழி இல்லை. வாசலில் ஒரு அம்மா பெரிய மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய கதம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அஞ்சலை. அறுபதுக்குள் வயது. கை நிற்கவில்லை.

"ஆபீஸ்ல இருந்து வரேன்மா."

"நீங்கதான் கையெழுத்து போட்டவரா?"

"ஆமா."

"உள்ள வாங்க. செருப்பு கழட்ட வேணாம். கீழ ஈரம்."

நான் கழற்றினேன். தரை சில்லென்று இருந்தது. சுவரில் கணுக்கால் உயரத்துக்கு ஈரக் கோடு. அறையில் ஒரு இரும்புக் கட்டில். காலுக்கு ரெண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது. அதில் அவர் வீட்டுக்காரர் கோதண்டம் படுத்திருந்தார். மில் தொழிலாளியாக இருந்தவர். பக்கவாதம். வலது பக்கம் விழுந்து ஏழு வருஷம்.

"எழுந்து வணக்கம் சொல்ல முடியல ஆபீசர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். வாய் கொஞ்சம் குழறியது. சிரிப்பு குழறவில்லை.

அஞ்சலை பின்பக்கம் கூட்டிப்போனார். தூம்பில் ஒரு கோணிச்சாக்கு திணித்திருந்தது. மேலே கருங்கல்.

"மனையா கெடந்தப்போ தண்ணி அந்தாண்டயே நின்னு ஊறிடும். மண்ணு கொட்டினாங்க, அவ்ளோதான். திங்கக்கெழம மழையில குழாய் தொறந்த மாதிரி இதால ஊத்துது. ஏழு வருஷமா இந்த மனுசனத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. தண்ணியையும் சேத்துத் தூக்கச் சொல்றீங்களா?"

"ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே?"

"அந்த வூட்டுக்காரரு தன் கையில பேப்பர் இருக்குன்னாரு. என் கையில சாக்குதான் இருந்துச்சு."

நான் குனிந்து சாக்கைப் பார்த்தேன்.

சுவருக்கு மேலிருந்து ஞானசேகரன் குரல் வந்தது. "சார்! எடுத்துட்டாங்களா?"

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். சாக்கை எடுக்கச் சொன்னால் என் தாள்படி சரி. மழை வந்தால் கோதண்டத்தின் கட்டிலுக்குக் கீழே மறுபடியும் தண்ணீர். அவரால் எழ முடியாது. சாக்கு இருக்கட்டும் என்றால் புது வீட்டுக்குள் தண்ணீர். வெள்ளிக்கிழமை அவர்கள் பால் காய்ச்ச முடியாது. ரெண்டு பேர் மேலும் தப்பு இல்லை. தப்பு நடுவில் நிற்கிற என் மேல்.

அதை வாயால் சொல்லி ஞானசேகரனுக்குப் புரியவைக்க எனக்குப் பேச்சு போதாது. வண்டிப் பையில் டியூப் இருந்தது.

"நீங்க இந்தப் பக்கம் வாங்க. டியூப் பிடிக்க ஆள் வேணும். ஒரு முனைய வூட்டம்மாகிட்ட குடுத்துட்டு வாங்க" என்றேன்.

டியூபைச் சுவருக்கு மேலே போட்டேன். மலர்விழி ஒரு முனையைத் தூம்புக்கு நேராக, அவர் வீட்டுத் தரை மட்டத்தில் பிடித்தார். மறுமுனையை ஜன்னல் வழியாக அறைக்குள் இழுத்துவிட்டேன். ஞானசேகரன் வண்டியில் சுற்றி வந்தார். முகத்தில் கடுகடுப்பு. அஞ்சலையைப் பார்க்காமல் உள்ளே நுழைந்தார். டியூபை அவர் கையில் கொடுத்தேன்.

"சுவத்தோட ஒட்டிப் பிடிங்க. தண்ணி எங்க நிக்குதோ அங்க கோடு போடறேன்."

தண்ணீர் ஆடி ஆடி நின்றது. கட்டிலுக்கு மேலே. கோதண்டத்தின் தலையணைக்கு மேலே ஒரு சாண். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிற்கப் போவதில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து வரும். பென்சிலால் கோடு போட்டேன்.

கோதண்டம் அண்ணாந்து டியூபைப் பார்த்தார். "இன்னா தம்பி, எனக்கு டிரிப்ஸ் ஏத்துறீங்களா?"

ஞானசேகரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கீழே பார்த்தார். பார்த்தவர் கோட்டைப் பார்க்கவில்லை. படுக்கைத் துணியைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். இருபது வருஷம் வார்டில் இருந்தவர். எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்தது.

"பெரியவரே, ஒருக்களிச்சுப் படுப்பீங்களா?"

"யாராச்சும் படுக்க வச்சா படுப்பேன்."

டியூபை என் கையில் திணித்தார். ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் விட்டார். இலையைப் புரட்டுவது போல் கோதண்டத்தைப் புரட்டினார். கீழ்முதுகில் புண். உள்ளங்கை அகலம்.

"எத்தன நாளா இது?"

"சின்னதா இருந்துச்சு" என்றார் அஞ்சலை. "திங்கக்கெழம நான் மார்க்கெட்ல மாட்டிக்கினேன். வரதுக்குள்ள கீழ தொங்கின போர்வ தண்ணியில நனஞ்சு, அந்த ஈரம் மெத்தைக்கு ஏறிடுச்சு. காயவெக்க வேற மெத்த இல்ல. அதுலருந்து பெரிசாயிடுச்சு."

"இதுல ஈரம் படவே கூடாதும்மா."

"எனக்கும் தெரியுது. தண்ணிக்குத் தெரியலயே."

சுவருக்கு அப்பாலிருந்து மலர்விழி கத்தினார். "என்னாங்க! இன்னும் புடிச்சுகினே இருக்கணுமா? கை மரத்துப் போச்சு!"

ஞானசேகரன் அஞ்சலையிடம் காய்ந்த புடவை ஒன்று கேட்டு வாங்கினார். மடித்து முதுகுக்கு அணைவாக வைத்தார். ரெண்டு மணிக்கு ஒரு தடவை எப்படிப் புரட்ட வேண்டும் என்று அஞ்சலைக்குக் காட்டினார். இடுப்பு வலிக்காமல் முழங்காலைக் கட்டிலில் ஊன்றிப் புரட்டுகிற விதம். வேலை முடிந்து வெளியே வந்தோம்.

ரோட்டில் நின்று அவர் என்னைக் கேட்டார். "நீங்க ஏன் சார் அன்னிக்கே இந்தப் பக்கம் வரல?"

"வரல" என்றேன்.

வீட்டுக்குள் இறங்குகிற மூன்று படியைப் பார்த்தார். "சரி. இப்ப இன்னா பண்ணலாம்?"

அதற்குமேல் அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. ரெண்டு அடி அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வழி இருந்தது. தரை ஈசானி மூலைக்கே சாயட்டும். அங்கே ஒரு சின்னத் தொட்டி. தொட்டியிலிருந்து வடக்குச் சுவரை ஒட்டி மண்ணுக்கு அடியில் பைப், மேற்கே ரோட்டு வாய்க்காலுக்கு. டியூப் வைத்துப் பார்த்தேன். ஒரு அடி வாட்டம் கிடைத்தது. போதும். பிறகு கிழக்குத் தூம்பை அடைத்துவிடலாம். ஆனால் அதற்குப் புதிதாகப் போட்ட சிமெண்ட் தரையை முன்னிருந்து பின் வரை உடைக்க வேண்டும்.

மலர்விழி ஒரே வார்த்தையில் முடியாது என்றார். "குடிபோறதுக்கு முன்னாடி கடப்பாரையா? எங்கயாச்சும் கேட்டதுண்டா? உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? காலைல அந்தம்மாகிட்ட சண்ட போடத்தான போனீங்க?"

"மலரு, அந்தாளுக்கு முதுகுல புண்ணு."

"அதுக்கு?"

"நம்ம தண்ணி அது மேல போவுது."

மலர்விழி உள்ளே போய்விட்டார். நான் டியூபைச் சுருட்டினேன். அவருக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்று கிளம்பினேன்.

ஆபீஸ் போனேன். எனக்கு மேலே ஒரு ஜே.ஈ. அம்மா. என்னைவிட இருபது வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். எனக்கு ஒத்துவரும். பழைய தாளை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன்.

"இது தப்பும்மா. நான் எழுதினது. அடிச்சுட்டு வேற எழுதணும்."

படித்தார். "கீழ என் கையெழுத்து இருக்கு."

"நான் சொன்னத நம்பிப் போட்டீங்க."

"நீங்களாவது சுவர் வரைக்கும் போனீங்க. நான் இந்த நாற்காலியிலயே போட்டேன்."

நான் பேனாவை எடுத்தேன். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 'முதல் ஆய்வு தவறு. மறு ஆய்வு செய்யப்பட்டது' என்று எழுதி முதலில் தான் கையெழுத்துப் போட்டார்.

"ஏம்மா?"

"நீங்க முதல்ல போட்டா உங்க மேல மட்டும் விழும். இப்பப் போடுங்க."

போட்டேன். பிறகு ரெண்டு பேருக்கும் மெமோ வந்தது. வாங்கிக்கொண்டோம். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நல்ல மேலதிகாரி யார் என்று உங்களில் யாராவது கேட்டால் நான் இந்த அம்மாவைத்தான் சொல்வேன். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

வியாழக்கிழமை நல்ல வெயில். மழைக்கு முன்னால் அடிக்கிற வெயில். காலை எட்டு மணிக்குப் போனபோது மேஸ்திரி பைப்போடு வந்திருந்தார். மலர்விழி வரச் சொல்லியிருக்கிறார். மேஸ்திரிக்கு என்னைப் பார்த்ததும் எரிச்சல்.

"மூணு மாசம் முன்ன சொல்லியிருந்தா ஒரு மணி நேர வேல சார் இது. மண்ணா இருந்துச்சு. இப்ப பாருங்க."

"ஆமா மேஸ்திரி."

"ஆமான்னா? இந்தாங்க, ஒரு கடப்பாரைய நீங்களும் புடிங்க."

பிடித்தேன். மேஸ்திரி ஓங்கினார்.

"இருங்க" என்றார் மலர்விழி. உள்ளே போய் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தார். உடைக்கப் போகிற கோடு முழுக்கத் தெளித்தார். கற்பூரம் ஏற்றினார். கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தார். கற்பூரம் அணையும் வரை எல்லோரும் நின்றோம்.

"இப்ப இடிங்க" என்றார். "சாமிகிட்ட சொல்லிட்டேன்."

சிமெண்ட் உடைகிற முதல் சத்தத்துக்கு அவர் முகம் சுருங்கியது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மதியத்துக்குள் பள்ளம் வெட்டினோம். மூன்று மணிக்குப் பைப் இறங்கியது. ஒரு குடம் ஊற்றிப் பார்த்தோம். ஈசானி மூலைக்குப் போய், தொட்டியில் விழுந்து, கொஞ்ச நேரம் காணாமல் போய், மேற்கே வாய்க்காலில் வந்து கொட்டியது. மலர்விழி ரெண்டாவது குடம் கொண்டுவந்து அவரே ஊற்றினார். மேஸ்திரி தூம்பை அடைக்க உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அஞ்சலை சாக்கை இழுக்கிற சத்தம் கேட்டது.

"யக்கா" என்று இந்தப் பக்கமிருந்து மலர்விழி கூப்பிட்டார். "நாளைக்கு வாசலுக்குப் பூ வேணும். நெலவாசலு ரெண்டுக்கும் சரம்."

"மார்க்கெட்டுப் பூ எல்லாம் கொடுத்துட்டேன்மா."

"அப்ப சும்மா வாங்க."

"கட்டிக்கினு வரேன்" என்றார் அஞ்சலை.

தாளில் நமக்குக் கொடுத்திருக்கிற கட்டங்களில் சுவருக்கு அந்தப் பக்கத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. அன்றிலிருந்து நான் தாளின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் யார் வீடு, எவ்வளவு பள்ளம், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள். அது வேலையில் சேராது என்றார்கள். சேராதுதான். எழுதினேன். சில இடத்தில் நாய் துரத்தியது. சில இடத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்டார்கள். அந்தத் தாள்களை யாராவது திருப்பிப் பார்த்தார்களா என்று தெரியாது. நீங்கள் மெஷினில் பதிகிறீர்கள். அதில் திருப்ப முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. முடியாவிட்டால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பு நடக்கும். உங்களுக்கும் நடக்கும். தப்பு உங்களுடையது என்று தெரிந்ததும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். மழை காத்திருக்காது.

வெள்ளிக்கிழமை விடியும்போதே பிடித்துக்கொண்டது. என்னையும் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குடையோடு போய் முதலில் வாய்க்காலைப் பார்த்தேன். பைப்பிலிருந்து தண்ணீர் கை மொத்தத்துக்கு வந்துகொண்டிருந்தது. வாசலில் சரம் தொங்கியது. உள்ளே ஐயர் மந்திரம் சொல்கிற குரல். நான் உள்ளே போகவில்லை. சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன்.

அஞ்சலை பூவைக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தலையெல்லாம் ஈரம். நிலைப்படியில் நின்று காலைத் துடைத்துத் துடைத்து உள்ளே வந்தார். கூரைத் தகட்டில் மழை விழுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கோதண்டம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண் விழித்திருந்தது. என்னைக் கவனிக்கவில்லை.

நல்ல கையைக் கட்டிலுக்கு வெளியே கீழே விட்டார். விரல் தரையைத் தொட்டது. அப்படியே எட்டுகிற தூரம் வரை தடவினார். கட்டிலுக்கு அடியிலும் தடவினார். பிறகு கையைத் தூக்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரல் நுனியில் தூசி.

மழையை மீறிக் கத்தினார். "வூட்டக் கூட்டவே மாட்டியாடி நீ?"

திங்கட்கிழமையிலிருந்து கூட்டுகிற மாதிரி தரையே இருக்கவில்லை. அஞ்சலை முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு மூலையில் துடைப்பத்தைத் தேடினார்.